பிள்ளைகளின் சாப்பாட்டுக் கணக்கு

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது. அன்று வர முடியாத சிலர் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



கோலப் போட்டிப் பரிசளிப்புக்கும் பந்திக்கும் நடுவில் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பசிநேரத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவளை யாரும் மன்னிக்க மாட்டார்கள் என்பது தெரியும். ஆனாலும் அடுத்த மாதம் முதல் தேதிக்குள் நாம் முடிவு செய்யவேண்டிய விஷயம் இது. எல்லாரும் ஒரே இடத்தில் கூடும் நாளும் இன்று ஒன்றுதான்.

நம் வளாகத்தில் ஒரு தங்கை தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். இப்போது எட்டுப் பிள்ளைகள், எல்லாரும் 2 வயதிலிருந்து 6 வயதுக்குள். காலை 9 மணிக்கு விட்டுவிட்டு மாலை 5.30க்கு அழைத்துப் போகிறீர்கள். உங்களில் சிலர் இங்கே ராஜபாளையத்திலேயே மில் அலுவலகத்தில் இருக்கிறீர்கள். சிலர் தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வருகிறீர்கள். அந்த வீடு திறந்திருப்பதால்தான் உங்கள் வேலை நடக்கிறது.

போன மாதம் அந்தத் தங்கை என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு. "ஆன்ட்டி, நீங்க பேங்க்ல இருந்தவங்க. இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க. எங்க தப்புப் பண்றேன்னே தெரியல. பேசாம நிறுத்திரலாமான்னு இருக்கு" என்றார்.

நடந்தது இதுதான். நான்கு வருடத்துக்கு முன் ஆரம்பித்தபோது சாப்பாட்டையும் சேர்த்தே ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அப்புறம் துவரம்பருப்பு ஏறியது, எண்ணெய் ஏறியது, கேஸ் ஏறியது. கட்டணம் மட்டும் அப்படியே நின்றது. கேட்கக் கூச்சம். கேட்காததால் சாம்பாரில் பருப்பு குறைந்தது. முட்டை வாரம் மூன்றிலிருந்து ஒன்றானது. ஒரு நாள் ஒரு அம்மா, "என்ன, சாம்பார் தண்ணியா இருக்கே?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் இவருக்கு மனசு விட்டுப்போனது. "இனிமே சாப்பாடு நீங்களே குடுத்து விட்டுருங்க" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பிள்ளைகளின் பைகளில் என்ன வந்தது என்று அவர் இரண்டு வாரம் எழுதி வைத்திருந்தார். காலையில் அவசரம், யாரையும் குறை சொல்லவில்லை. டப்பாவில் இரண்டு இட்லி, கூடவே பிஸ்கட் பாக்கெட், ஜூஸ் பாக்கெட், சிப்ஸ். பக்கத்துப் பிள்ளை சிப்ஸ் பிரிக்கும்போது எந்தப் பிள்ளை இட்லி சாப்பிடும்? இட்லி சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. பாக்கெட் கொண்டுவராத பிள்ளை மற்றப் பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகள் மதியச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்தவள். எனக்குத் தெரிந்தது வரவு, செலவு, இருப்பு. அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் பாக்கெட் கணக்கு. பிஸ்கட் 10 ரூபாய், ஜூஸ் 10 ரூபாய், சிப்ஸ் 10 ரூபாய். நாளைக்கு 30. மாதம் 22 நாள் என்றால் 660 ரூபாய். இந்த 660ஐ நாம் யாரும் சாப்பாட்டுச் செலவு என்று எழுதுவதே இல்லை. மளிகைக் கணக்கில் கரைந்துபோகிறது. அந்தப் பணத்துக்கு என்ன வாங்கினோம் என்று பார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான பிஸ்கட்டுகளில் முதல் மூன்று இடத்தில் மைதா, சர்க்கரை, பாமாயில் இருக்கும். ஜூஸ் பாக்கெட்டில் பழம் எத்தனை சதவீதம் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படியுங்கள். படித்த பிறகு அதை வாங்கும் கை கொஞ்சம் தயங்கும்.

இனி, ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,360 கலோரியும் 16 கிராம் புரதமும் தேவை என்று கணக்குச் சொல்கிறது. நம் வீடுகளில் கலோரி கிடைத்துவிடும்; சோறு இருக்கிறது. விட்டுப்போவது புரதமும் இரும்புச்சத்தும். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 57 பேர். அது ஏழைப் பிள்ளைகளின் எண் என்று நினைத்துக் கடந்துபோகாதீர்கள். சோறும் பிஸ்கட்டும் டீயுமாக வளரும் பிள்ளை எந்தத் தளத்தில் குடியிருந்தாலும் அந்த எண்ணில் சேரும். டீ, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சுண்டலில் பிழியும் அரை எலுமிச்சை அதைச் சேர உதவும். பிள்ளைக்கு டீயை நிறுத்தப் பணம் வேண்டாம்.

குறைந்த பணத்தில் நிறையப் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு போடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. அதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் நம் மாவட்டத்துக்காரர். 1903இல் விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1956இல், பள்ளி மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பிறகு முட்டை வந்தது. படிப்படியாக வாரம் ஐந்து முட்டை என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது.

சத்துணவில் நான் மதிப்பது அதன் கணக்குத்தான். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 15 கிராம் என்று அளவு உண்டு. செவ்வாய்க்கிழமை பயறு அல்லது கொண்டைக்கடலை 20 கிராம், வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு 20 கிராம் என்று கிழமை உண்டு. பிள்ளைகளுக்கு ஒரே சாம்பார் சலித்துப்போகிறது என்றதும் 2013இல் கலவை சாதங்களைக் கொண்டுவந்தார்கள். தக்காளி சாதம், புளிசாதம், கறிவேப்பிலை சாதம், மிளகு முட்டை, மசாலா முட்டை. பரிமாறுவதற்கு முன் பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற நடைமுறையும் உண்டு. அளவு, கிழமை, மாற்றம், ருசி பார்த்தல். இந்த நான்கையும் எட்டுப் பிள்ளைகளுக்குச் செய்வது கஷ்டமா?

அந்தத் தங்கையும் நானும் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிய பட்டியல் இது.

திங்கள்: காலை 10.30க்கு வாழைப்பழம். மதியம் காய் போட்ட சாம்பார் சாதம், அவித்த முட்டை, தயிர். மாலை 4 மணிக்குப் பாசிப்பயறு சுண்டல்.

செவ்வாய்: கொய்யா. மதியம் கீரையும் பருப்பும் கடைந்த சாதம், கேரட் பொரியல், தயிர். மாலை கேழ்வரகுப் புட்டு.

புதன்: பப்பாளி. மதியம் தக்காளி சாதம், பருப்பு போட்ட கூட்டு, முட்டைப் பொடிமாஸ், தயிர். மாலை அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

வியாழன்: வாழைப்பழம். மதியம் கொண்டைக்கடலையும் காயும் போட்ட சாதம், தயிர். மாலை குட்டி இட்லியும் பருப்புப்பொடியும்.

வெள்ளி: சந்தையில் அன்றைக்கு எது மலிவோ அந்தப் பழம். மதியம் பருப்பு சாதம், பூசணிக்காய்க் கூட்டு, முட்டை மசாலா, தயிர். மாலை வேர்க்கடலையைப் பொடித்து வெல்லம் சேர்த்த உருண்டை.

முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த மூன்று நாளும் கூடுதலாக ஒரு கரண்டி சுண்டலும் தயிரும்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. உங்கள் பாட்டி செய்ததுதான். விலையை மட்டும் கேளுங்கள். கடை விலை ஏறும், இறங்கும். நான் போட்டிருப்பது போன மாதம் நாங்கள் கொடுத்தது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு அரிசி அரைக் கிலோ 28 ரூபாய். துவரம்பருப்பு 200 கிராம் 30. காய் அரைக் கிலோ 25. ஒரு கட்டுக் கீரை 15. தயிர் அரை லிட்டர் 30. பழம் 40. சுண்டலுக்குப் பயறு 160 கிராம் 16. எண்ணெய், புளி, மசாலா 20. கேஸ் 15. மொத்தம் 219 ரூபாய். முட்டை உள்ள நாளில் எட்டு முட்டைக்கு 52 சேர்த்தால் 271. கீரை வேண்டாத நாளில் அந்தப் பதினைந்து ரூபாய் கிழங்குக்கோ கடலைக்கோ போய்விடும்.

ஒரு பிள்ளைக்கு முட்டை நாளில் 34 ரூபாய், மற்ற நாளில் 27 ரூபாய் சொச்சம். மாதம் 22 நாளுக்கு ஒரு பிள்ளைக்குச் சுமார் 690 ரூபாய்.

பாக்கெட்டுக்கு எவ்வளவு ஆனது? 660. வித்தியாசம் மாதம் 30 ரூபாய்!

அந்த 30 ரூபாய்க்கு என்ன கூடுதல் என்றும் பாருங்கள். 25 கிராம் பருப்பில் 5 கிராம் புரதத்துக்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராம். 20 கிராம் பயற்றில் 4 கிராம் சொச்சம். சோற்றிலும் தயிரிலும் மீதி. முட்டை நாளில் ஒரு பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் தேவையான 16 கிராமும் அந்த வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தபிறகு ராத்திரி நீங்கள் எதைக் கொடுத்தாலும் அது உபரி. ராத்திரி எட்டு மணிக்குத் தட்டை வைத்துக்கொண்டு பிள்ளை பின்னால் ஓட வேண்டியதில்லை.

ஆகவே, சிக்கனம் பண்ண வேண்டிய இடம் பருப்பு இல்லை. பருப்பில் கை வைத்ததுதான் அந்தத் தங்கை செய்த ஒரே தப்பு. அவரிடமும் சொன்னேன். பிறகு எங்கே மிச்சம் பிடிப்பது? நாங்கள் பிடித்த இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, பட்டியல். வெள்ளிக்கிழமையே அடுத்த வாரத்துக்கு எழுதிவிட்டால் பக்கத்துக் கடைக்கு ஓடுவது நின்றுவிடும். பத்து ரூபாய்க்குப் பத்து ரூபாயாக வாங்குவதுதான் எப்போதும் அதிக விலை.

இரண்டு, உழவர் சந்தை. காலையில் போனால் காய் புதிது, விலையும் பலகையில் எழுதியிருக்கும். பருவத்தில் வருவதை மட்டும் வாங்கவேண்டும். இப்போது தை மாதம். மொச்சை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு எல்லாம் வந்து குவிந்திருக்கின்றன. கோடையில் நம்மூர்ச் சப்பட்டை மாம்பழம் வரும்போது ஆப்பிளைத் தேடிப் போகிறவர்களை என்ன சொல்வது?

மூன்று, மொத்தக் கொள்முதல். முட்டையை முப்பது கொண்ட அட்டையாக எடுக்கவேண்டும். நாமக்கல் பண்ணை விலை தினமும் பேப்பரில் வருகிறது. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் பேரம் பேச வாய் வரும். பருப்பும் பயறும் மாதம் ஒருமுறை. நம்மில் பத்து வீடு சேர்ந்து வாங்கினால் மில்லிலிருந்தே மூட்டையாக எடுக்கலாம்.

நான்கு, கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. டப்பாவில் வரும் சத்துப்பானப் பொடியின் விலையில் பல கிலோ கேழ்வரகு வாங்கலாம்.

ஐந்து, நம் வளாகம். பின்புறம் நிற்கும் முருங்கை மரத்தை வருடா வருடம் கம்பளிப்பூச்சி வருகிறது என்று வெட்டச் சொல்லிக் கடிதம் வருகிறது. செயலாளர் கோபிக்கக் கூடாது. அந்த மரத்தைக் கவாத்துப் பண்ணி வைத்தால் வாரம் ஒரு நாள் கீரைச் செலவு இல்லை. கறிவேப்பிலைச் செடி இரண்டு வைத்தால் அதுவும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வருகிறவர்கள் அன்போடு பால்கோவா வாங்கி வந்து எட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறீர்கள். அதற்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நானும் விடமாட்டேன். ஆனால் அதில் பாலும் உண்டு, சர்க்கரையும் உண்டு. நாள் கிழமையில் ஒரு ஸ்பூன் சரி. வாரம் மூன்று நாள் என்றால் அது பலகாரம் இல்லை, பழக்கம். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சர்க்கரை சேர்க்கவே வேண்டாம் என்பதுதான் இன்றைய மருத்துவர்களின் பேச்சு.

பாதுகாப்பைப் பற்றியும் நான்கு வார்த்தை. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, உருண்டை மிட்டாய் இவை சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடலையைப் பொடித்து, திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுக்க வேண்டும். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடாது. சமைத்த சோற்றை மணிக்கணக்கில் வெளியில் வைத்துக் கொடுக்கக் கூடாது, 11.30க்கு இறக்கினால் 12.30க்குப் பரிமாறிவிட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்ட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தட்டு.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி, 690 ரூபாய் கொடுத்துவிடுகிறோம், முடிந்தது" என்று நினைப்பீர்கள். நானும் நோட்டில் அப்படித்தான் கோடு போட்டேன். போட்ட பிறகுதான் ஒரு பத்தி காலியாக இருப்பது தெரிந்தது.

சந்தைக்குப் போவது, நறுக்குவது, சமைப்பது, எட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது, எட்டுத் தட்டும் பாத்திரமும் கழுவுவது. நாளைக்கு மூன்று மணி நேரம். மணிக்கு 70 ரூபாய் என்று வைத்தாலும் 210 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 26 ரூபாய். கிட்டத்தட்ட சாப்பாட்டுச் சாமானுக்கு ஆகும் அளவு. அந்தத் தங்கையின் நோட்டில் உப்பு வாங்கிய கணக்குக்கூட இருந்தது. இது இல்லை. "இது என்ன ஆன்ட்டி, வீட்டு வேலைதானே, இதுக்குப் போயி..." என்றார்.

அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இதைச் சொல்லாமல் நான் உட்கார்ந்தால் அது நேர்மை இல்லை.

1989இல் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். வீடு இங்கே ராஜபாளையத்தில். என் பையனுக்கு இரண்டு வயது. தெருவில் ஒரு அக்கா பார்த்துக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் இரண்டு, தெருப் பிள்ளைகள் நான்கு. மாதம் 75 ரூபாய் கொடுத்தேன். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு நாள் அரைநாள் லீவு போட்டு மதியமே வந்துவிட்டேன். பிள்ளைகள் ஆறு பேரும் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் பருப்புச் சாதம். அக்கா மூன்று அவித்த முட்டையை வைத்துக்கொண்டு, பஞ்சு நூல் ஒன்றைப் பல்லில் கடித்துப் பிடித்து, ஒவ்வொரு முட்டையையும் நூலால் சரிபாதியாக அறுத்துக்கொண்டிருந்தார். கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு உதிர்ந்து ஒரு பிள்ளைக்குக் குறைந்துவிடுமாம். ஆறு பாதி, ஆறு தட்டு. என் பையனுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் ஒரே அளவு. அடுப்பங்கரையில் அவர் தட்டைப் பார்த்தேன். சோறும் ரசமும்.

"அக்கா, முட்டைக்கெல்லாம் காசு கேக்கலியே நீங்க?" என்றேன்.

"பிள்ளைகளுக்குத்தானம்மா. இதுக்குப் போயி கணக்கா?" என்றார்.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவள். சாயங்காலம் கல்லாவில் ஒரு ரூபாய் உதைத்தால் ஏழு மணி வரை உட்கார்ந்து தேடிவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். அப்படிப்பட்டவள் அன்றைக்கு, "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதமும் 75 ரூபாய்தான் கொடுத்தேன். அதற்கடுத்த வருடமும். அவர் பெருந்தன்மையாகச் சொன்னதை நான் வசதியாக எடுத்துக்கொண்டேன். அவர் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. அந்தப் பாக்கி என் பேரில் இன்னும் நிற்கிறது.

அதனால்தான் இந்தத் தங்கை அதையே சொன்னபோது, "இல்லம்மா, எழுது" என்றேன். அவர் எழுதவில்லை. நோட்டை வாங்கி நானே எழுதினேன்.

அமெரிக்காவில், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு, திட்டத்தில் சேர்ந்தால் ஒவ்வொரு வேளை உணவுக்கும் அரசாங்கம் ஒரு தொகையைத் திருப்பித் தருகிறது. 1968இல் பிள்ளைக் காப்பகங்களுக்காக ஆரம்பித்து வளர்ந்த திட்டம். தட்டில் தானியம், காய், பழம், புரதம், பால் என்று என்னென்ன இருக்கவேண்டும் என்பதற்கு விதி. யார் யார் சாப்பிட்டார்கள் என்று தினமும் எழுதவேண்டும். நம் நாட்டில் 1975 முதல் அங்கன்வாடி இருக்கிறது. சத்துமாவும் முட்டையும் சூடான மதிய உணவும் அங்கே உண்டு. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவந்தது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள அலுவலகங்களுக்கும் 2017 முதல் அந்தக் கடமை உண்டு. உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அடுக்குமாடி வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் ஒரு பெண்ணின் அடுப்புக்கு யாரும் பணம் அனுப்புவதில்லை. பெற்றோராகிய நீங்களும் இந்தச் சங்கமும்தான் அனுப்ப வேண்டும்.

ஆகவே நான் கேட்பது நான்கு விஷயம்.

முதலாவது, பார்த்துக்கொள்ளும் கட்டணம் வேறு, சாப்பாட்டுக் கட்டணம் வேறு என்று பிரித்துவிடுவோம். சாப்பாட்டுக்கு மாதம் 1,300 ரூபாய். சாமான் 690, சமைப்பவரின் உழைப்பு 580, மீதி 30 விலையேற்றத்துக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலையைப் பார்த்து மாற்றுவோம். அவர் வந்து கூச்சத்தோடு கேட்கும்படி வைக்கக் கூடாது. பாக்கெட்டுக்குச் செலவழிக்கும் 660 நின்றுவிடுவதால் உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போவது 640.

இரண்டாவது, பையில் பாக்கெட் வேண்டாம். ஒரு வீடு கொடுத்துவிட்டாலும் மற்ற ஏழு பிள்ளைகளின் சாப்பாடு கெட்டுவிடும்.

மூன்றாவது, பிறந்தநாள். கேக்குக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியைச் சாப்பாட்டுக் கணக்கில் கட்டுங்கள். அந்தப் பணத்தை நான் தனியாக எழுதி வைக்கிறேன். எந்த வீட்டுக்காவது ஒரு மாதம் 1,300 முடியவில்லை என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். அதிலிருந்து ஈடுகட்டுவோம். தட்டில் வித்தியாசம் தெரியாது. யாருக்கும் பெயரும் தெரியாது. ரகசியம் காப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

நான்காவது, வாரம் ஒரு நாள் பெற்றோரில் ஒருவர் மதியம் போய் அந்தச் சாப்பாட்டைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேவு பார்க்க அல்ல. சத்துணவில் பெரியவர்கள் ருசி பார்க்கிறார்களே, அப்படி. வேலைக்குப் போகிறவர்களுக்கு முடியாவிட்டால் எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறோம். இலவசச் சாப்பாடு என்றால் என் வீட்டுக்காரர் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பார்.

மாதக் கணக்கை ஒன்றாம் தேதி லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். வரவு, செலவு, இருப்பு எல்லாம் இருக்கும். உழைப்பு என்ற பத்தியும் இருக்கும். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் வந்து நோட்டைப் பாருங்கள். பெயர் கொடுக்கிறவர்கள் இன்றே பந்தி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். எட்டு வீடும் சரி என்றால் அவர் நிறுத்த மாட்டார், என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நேரம் ஆகிவிட்டது, பொங்கல் ஆறுகிறது. உங்கள் எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள். பந்தியில் முதலில் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.



(பின்குறிப்பு: அன்று பந்தி முடிவதற்குள் ஆறு வீட்டார் பெயர் கொடுத்தார்கள். மற்ற இரண்டு வீட்டாரும் மறுநாள் வந்தார்கள். முருங்கை மரம் பற்றிச் செயலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை.)